வகுப்பறைக்கு முன் தங்கும் அறை: பல்கலைக்கழக விடுதிகளில் உறைவிடக் கற்றல் குழுக்கள்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சுன்னத் தொழுதுவிட்டு எழும்போது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "ஹஜ்ரத், மகளுக்கு அமெரிக்காவுல யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ். ஹாஸ்டலுக்கு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. எந்தக் குழுவுல தங்குறீங்கன்னு கேட்டு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். பொறியியல் மாணவர் குழு, உலக மொழிகள் குழு, சமூக சேவைக் குழு, கலைஞர் குழு, மது இல்லாத தளம் என்று பட்டியல் நீண்டது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல எது ஹஜ்ரத் பத்திரமானது?"

அவருடைய மூத்த மகனும் வெளிநாட்டில்தான் படிக்கிறான். அவன் எங்கே, யாருடன் தங்கியிருக்கிறான் என்று நாம் திருப்பிக் கேட்டோம். "அவன் பையன்தானே ஹஜ்ரத், யாரோ நாலு பேரோட ரூம் எடுத்து இருக்கான்" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கும், அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியலில் இருப்பது என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி' என்று சொல்கிறார்கள். நாம் அதை 'உறைவிடக் கற்றல் குழு' என்று அழைப்போம். ஒரே துறையில், அல்லது ஒரே விஷயத்தில் ஈடுபாடு உள்ள மாணவர்களை விடுதியின் ஒரு தளத்திலோ ஒரு பகுதியிலோ சேர்த்துத் தங்க வைக்கிறார்கள். அவர்கள் ஒரு பாடத்தையாவது சேர்ந்து படிக்கிறார்கள். பேராசிரியர் ஒருவர் அந்தக் குழுவுக்குப் பொறுப்பேற்கிறார். சில இடங்களில் அவரே குடும்பத்துடன் அதே விடுதியில் குடியிருக்கிறார். மூத்த மாணவர் ஒருவர் தளத்தைக் கவனித்துக்கொள்கிறார். சேர்ந்து உண்பது, வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது, பயணம் செல்வது ஆகியவையும் இதில் அடங்கும்.

இக்குழுக்களைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பாடத்துறை சார்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியலும் பொறியியலும் படிக்கும் பெண்களுக்குத் துணையாக 1993இல் தொடங்கப்பட்ட விடுதித் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். கணக்குப் பாடத்தில் தடுமாறும் பெண், பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் போதும். இரண்டாவது, மொழி சார்ந்தது. அங்கே சாப்பாட்டு மேசையிலும் கற்கும் மொழியிலேயே பேசுகிறார்கள். மூன்றாவது, பண்பாடு சார்ந்தது. நான்காவது, வாழ்க்கை முறை சார்ந்தது. மது, புகை, போதைப்பொருள் எதுவும் நுழையக் கூடாது என்று மாணவர்களே ஒப்புக்கொண்டு தங்கும் தளங்கள் இந்த வகையில் வருகின்றன.

பழைய எண்ணம், புதிய பெயர்

கற்பவரும் கற்பிப்பவரும் ஓரிடத்தில் வாழ வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் ஒரு பகுதியில் கூரை வேய்ந்த திண்ணை இருந்தது. வீடு வாசல் இல்லாத நபித்தோழர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே கற்றார்கள். திண்ணைத் தோழர்கள் எனப்பட்ட அவர்களில் அபூஹுரைரா (ரலி) அவர்களும் ஒருவர். நிழாமுல் முல்க் பக்தாதில் கட்டி 1067இல் திறந்த நிழாமிய்யா மத்ரஸாவில் மாணவர்களுக்குத் தங்குமிடமும் உதவித்தொகையும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091 முதல் அங்கே பாடம் நடத்தினார்கள். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் 'ரிவாக்' என்ற பெயரில் தனித்தனித் தங்கும் பகுதிகள் இருந்தன. மக்ரிப் நாட்டவருக்கு ஒன்று, ஷாம் நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு ஷைகு இருந்தார். ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளை தன் மொழி பேசுவோர் நடுவே தூங்கி எழுந்து, பகலில் எல்லா நாட்டவருடனும் ஒரே பாடத்தில் அமர்ந்தது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளும் இதே போன்று 13ஆம் நூற்றாண்டிலிருந்து மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் முறையைக் கொண்டவை. அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் 1930களின் தொடக்கத்தில் எட்வர்டு ஹார்க்னஸ் என்ற செல்வந்தரின் நன்கொடையால் அந்த முறையைத் தங்கள் விடுதிகளில் கொண்டுவந்தன.

ஆனால், தங்கும் விடுதியையே பாடத்திட்டத்தின் பகுதியாக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்ற கல்வியாளர் 'பரிசோதனைக் கல்லூரி' ஒன்றைத் தொடங்கினார். ஆண் மாணவர்கள் மட்டும் சேர்ந்த அக்கல்லூரி, ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில் நடந்தது. ஆசிரியர்களின் அலுவலகங்களும் அதே கட்டடத்தில்தான். முதலாண்டு முழுவதும் பண்டைய ஏதென்ஸ் நகர வாழ்வைப் படித்தார்கள். இரண்டாமாண்டு அன்றைய அமெரிக்காவைப் படித்தார்கள். பொருளாதார மந்தம், குறைந்துபோன சேர்க்கை, எதிர்ப்பாளர்களின் விமர்சனம் எல்லாம் சேர்ந்து 1932இல் அதை மூட வைத்தன. ஐந்தே ஆண்டுகள் நடந்தாலும், பின்னால் வந்தவர்கள் அதைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெருத்தன. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை 1944ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் மூலம் அரசே ஏற்றதும் அதற்கு ஒரு காரணம். பல்லாயிரம் மாணவர்கள், மாடி மேல் மாடியாக விடுதிகள். அதில் ஒரு மாணவன் வெறும் எண்ணாகிப் போனான். அதற்கு மாற்றாகத்தான் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1967இல் 'ரெசிடென்ஷியல் காலேஜ்' என்பதைத் தொடங்கியது. ஈஸ்ட் குவாட் என்ற ஒரே கட்டடத்தில் அறைகள், வகுப்புகள், ஆசிரியர் அலுவலகங்கள், அரங்கம், உணவுக்கூடம் எல்லாம் அமைந்தன. பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சிறிய கல்லூரி என்பதே அதன் நோக்கம்.

கிழக்கே, நம் மக்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரிலும் இம்முறை வந்துவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி டவுனில் 2011இல் டெம்புசு கல்லூரியும், ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் கல்லூரியும் திறக்கப்பட்டன. பின்னது சமூக ஈடுபாட்டை மையமாகக் கொண்டது. மாணவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சிறு வகுப்புகளில் சில பாடங்களைப் படித்து, ஒரே கூடத்தில் உண்கிறார்கள்.

ஜமாஅத்தின் உறவுச் சொல்

பண்பாடு சார்ந்த விடுதிகள் பற்றி நம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் 'உஜமா' என்ற பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. இரண்டும் கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்டவை. உஜமா என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல்; குடும்ப உணர்வு என்று பொருள். அதற்குள் இருக்கும் 'ஜமா' அரபியிலிருந்து வந்தது. நம் ஊர்களில் நாம் நாளும் சொல்லும் ஜமாஅத்தின் உறவுச் சொல்தான் அது.

வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த வளாகங்களில், தலைமுடி வெட்டுவது முதல் பாட்டி சமைத்த உணவு வரை ஒவ்வொன்றையும் பிறருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்த மாணவர்களுக்கு, விளக்கம் தேவைப்படாத ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைத்தான் இவ்விடுதிகள் தந்தன. இது இனங்களைப் பிரித்து வைப்பது அல்லவா என்று கறுப்பினத் தலைவர்கள் சிலரே கேட்டார்கள். 1990களில் கார்னெல் விடுதிகள் மீது அரசிடம் புகாரும் சென்றது. விசாரணைக்குப் பின்னும் விடுதிகள் நீடித்தன. அவற்றில் சேர எந்த இனத்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பது முக்கியக் காரணம். ஸ்டான்ஃபோர்டின் உஜமாவிலும் எல்லாரும் கறுப்பின மாணவர்கள் அல்லர்.

நாமும் இதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு மட்டும் தங்க வைப்பதா, எல்லோரோடும் கலந்து தங்க வைப்பதா? ஜமாஅத் என்பது கதவைத் தாழிட்டுக்கொள்வது அல்ல. தோளோடு தோள் நிற்க ஓர் இடமும், வெளியே செல்ல ஒரு வாசலும் அதற்கு வேண்டும். அல்அஸ்ஹரின் ரிவாக்குகளில் இரண்டும் இருந்தன.

உண்மையில் பயன் உண்டா?

கேரன் இன்கெலாஸ் என்ற ஆய்வாளரின் தலைமையில் 2004இலும் 2007இலும் அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் இக்குழுக்கள் பற்றிய தேசிய ஆய்வு நடந்தது. இவற்றில் தங்கிய மாணவர்கள், கல்லூரி வாழ்க்கைக்குப் பழகுவது எளிதாக இருந்தது என்றும், விடுதி தங்களுக்கு ஆதரவாக இருந்தது என்றும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்குழுவில் சேர விரும்பி விண்ணப்பம் எழுதும் மாணவன் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவன். அவன் நன்றாகப் படித்தால் அதற்குக் காரணம் விடுதியா, அவனுடைய ஆர்வமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அந்தச் சிக்கல் இல்லாத ஆய்வுகளும் உண்டு. சில பல்கலைக்கழகங்களில் அறைத் தோழரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஒதுக்குகிறார்கள். மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே அங்கே தெரிவது தோழமையின் விளைவுதான். டார்ட்மத் கல்லூரியில் இப்படி ஒதுக்கப்பட்ட முதலாண்டு மாணவர்களை புரூஸ் சாசர்டோட் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார். அறைத் தோழர் மதிப்பெண்ணைப் பாதிக்கிறார், எந்தக் கூட்டத்தில் சேர்வது என்பதையும் பாதிக்கிறார், ஆனால் எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பாதிக்கவில்லை என்று அவர் கண்டார்.

மகளுக்கு நூறு கேள்வி, மகனுக்கு?

நம் சகோதரர் அவசியம் அறிய வேண்டிய ஆய்வு இன்னொன்று. பின்னாளில், 2019இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமரும், டான் லெவியும் சேர்ந்து 2008இல் வெளியிட்டது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் குலுக்கல் முறையில் அறை பெற்ற மாணவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். கல்லூரிக்கு வருவதற்கு முன்பே மது அருந்திய ஒருவர் அறைத் தோழராக வாய்த்த ஆண் மாணவர்களின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ கால் புள்ளி குறைந்தது. பெண்களிடம் அப்படிப்பட்ட வீழ்ச்சி தென்படவில்லை.

நிறுத்தி நிதானமாக இதை யோசிப்போம். மகளை விடுதிக்கு அனுப்புமுன் நாம் நூறு கேள்வி கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். சில வீடுகளில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமலேயே அவளுடைய படிப்பு நின்றுபோகிறது. மகனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "பையன்தானே" என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஆய்வில் அறைத் தோழரால் சறுக்கியவர்கள் ஆண் பிள்ளைகளே. அமெரிக்காவில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் நிலைமை இதுதான்.

மகளுக்கான கேள்விகளைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே கேள்விகளை மகனுக்கும் கேளுங்கள் என்கிறோம். மது இல்லாத தளம் என்று ஒரு வாய்ப்பு பட்டியலில் இருந்தால், அது முதலில் மகனுக்குத்தான் தேவைப்படலாம்.

மார்க்கம் குறுக்கிடும் இடம்

1997இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கு எழுந்தது. முதல் இரண்டாண்டுகள், மணமாகாத, 21 வயது நிரம்பாத மாணவர்கள் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆணும் பெண்ணும் கலந்து தங்கும் விடுதிகள் தங்கள் மார்க்க ஒழுக்கத்துக்குப் பொருந்தாது என்று வைதீக யூத மாணவர்கள் சிலர் விலக்குக் கேட்டார்கள். பல்கலைக்கழகம் மறுத்தது. அவர்கள் விடுதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வெளியே தங்கினார்கள். நான்கு பேர் நீதிமன்றம் சென்றார்கள். 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் யேலுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. யேல் ஒரு தனியார் நிறுவனம், அதன் செயலை அரசின் செயலாகக் கருத முடியாது என்பது தீர்ப்பின் ஒரு பகுதி.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ஹயா என்ற வெட்க உணர்வைப் பேணுவது நம் பிள்ளைகளுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. பிற சமயத்தவரும் இதற்காகப் போராடியிருக்கிறார்கள். ஆனால் சேர்க்கையை ஏற்றுக்கொண்ட பிறகு போராடுவதைவிட, ஏற்பதற்கு முன் விதியைப் படித்துப் பார்ப்பது எளிது.

படிவம் நிரப்பும் முன்

அந்தச் சகோதரருக்கு நாம் எழுதிக் கொடுத்த கேள்விகளை இங்கே தருகிறோம். பல்கலைக்கழக விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் பெறுங்கள்.

1. விடுதியில் தங்குவது கட்டாயமா? எத்தனை ஆண்டுகள்? மார்க்கக் காரணத்துக்காக விலக்கு உண்டா?

2. ஆண், பெண் பிரிவு எப்படி? கட்டடம் தனியா, தளம் தனியா, அறை மட்டும் தனியா? குளியலறை யாருக்கு? 'பெண்கள் பொறியியல் குழு' என்று பெயர் இருப்பதால் அங்கே பெண்கள் மட்டும்தான் தங்குவார்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

3. குழுவில் பேராசிரியர் உண்மையில் பங்கெடுக்கிறாரா? வாரத்தில் எத்தனை முறை வருகிறார்? சேர்ந்து படிக்கும் பாடம் எது? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அது கதவில் ஒட்டிய பெயர்ப் பலகை மட்டுமே.

4. மதுவிலக்குத் தளம் என்றால், அறைக்குள் கொண்டுவராதிருந்தால் போதுமா? வெளியே குடித்துவிட்டு வருவதும் விதிமீறலா? மீறினால் என்ன நடவடிக்கை?

5. உணவுக் கட்டணம் கட்டாயமா? ஹலால் உணவு அன்றாடம் உண்டா, கேட்டால் மட்டுமா? ரமளானில் ஸஹருக்கும் நோன்பு திறக்கவும் என்ன ஏற்பாடு?

6. தொழ இடம் எங்கே? விடுதியிலிருந்து எவ்வளவு தூரம்? முஸ்லிம் மாணவர் அமைப்பு இருக்கிறதா?

7. குழுவுக்குத் தனிக் கட்டணம், தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள் உண்டா? பிடிக்கவில்லையென்றால் ஆண்டின் நடுவில் வேறு அறைக்கு மாற முடியுமா?

இத்துடன் எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கக் கூடாது, பிள்ளையிடம் கேட்க வேண்டும்: "இதில் உனக்கு எதில் விருப்பம்?" விருப்பமில்லாத குழுவில் பெற்றோரின் நிம்மதிக்காக மட்டும் சேர்க்கப்படும் பிள்ளை, அந்தக் குழுவில் தூங்க மட்டுமே வரும்.

நாம் கண்ட இரண்டு விடுதிகள்

நாம் ஏழாண்டுகள் மத்ரஸா விடுதியிலும், பிறகு மூன்றாண்டுகள் கலைக்கல்லூரி விடுதியிலும் தங்கிப் படித்தோம். மத்ரஸாவில் கட்டில் கிடையாது, பாய்தான். பருப்பு ஆணம் சில நாள் தண்ணீராக இருக்கும். ஆனால் இஷாவுக்குப் பின் அன்றைய பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்போம். தடுமாறினால் உஸ்தாதின் அறை பத்தடி தூரத்தில். கல்லூரி விடுதியில் கட்டில், மின்விசிறி, மேசை எல்லாம் இருந்தன. வார்டன் இரவில் வருகைப் பதிவை எடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்த மூன்றாண்டுகளில் ஒரு பேராசிரியரும் விடுதிக்குள் நுழைந்து நாம் பார்க்கவில்லை. பக்கத்து அறை மாணவன் ஒருவன் இரண்டாமாண்டில் படிப்பை விட்டுப் போனான். அவன் சிரமப்பட்டது எங்களில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதுதான் தெரிந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும் செலவில் திரும்பக் கொண்டுவர முயல்வது அந்தப் பத்தடி தூரத்தைத்தான். ஊர் ஊராக நம் சமுதாயம் நடத்தும் மாணவர் விடுதிகள் இருக்கின்றன. அவற்றை நடத்தும் பெரியவர்கள் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு முன், வாரம் இரண்டு மாலை வந்து உட்கார ஓர் ஆசிரியரைத் தேடினால், அதே பயனைக் குறைந்த செலவில் பெறலாம்.

அந்தச் சகோதரர் அடுத்த ஜும்ஆவில் மீண்டும் வந்தார். மகள் அறிவியல் மாணவியர் குழுவை விரும்புகிறாள் என்றும், கேள்விகளை அனுப்பியிருக்கிறாள் என்றும் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "பையனுக்கும் நேத்து ராத்திரி போன் போட்டேன் ஹஜ்ரத். கூட இருக்கிற நாலு பேரோட பேரைக் கேட்டேன். மூணு வருஷத்துல இப்பதான் கேக்குறேன்" என்றார்.

நம் பிள்ளைகளுக்கு நல்ல கல்வியையும், அந்தக் கல்வியைக் காக்கும் நல்ல தோழமையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.